எச்டி, 4கே, எஸ்பி, எல்பி: கல்யாண கேசட்டை மாற்றக் கொடுப்பதற்கு முன்னால் லேபிள்களைப் படிப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவை நீக்கப்பட்டு, படிப்பதற்கு ஏற்றபடி சற்றுத் திருத்தப்பட்டது.)

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதில் ஒன்று பெரம்பலூர் மாவட்டம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு அக்கா அனுப்பியது. அவங்க கேள்வியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவங்க நிக்காஹ் நடந்தது 1994-ல். அப்போது எடுத்த வீடியோ கேசட் ஒன்று வீட்டில் இருக்கு. அதில் அவங்க அத்தா நடந்து வந்து எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுகிற காட்சி இருக்காம். அத்தா மவுத்தாகிப் பல வருஷம் ஆச்சு. அவங்க நடப்பதும் பேசுவதும் பதிவானது அந்த ஒரு இடத்தில்தான். கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி ஒரு ஸ்டூடியோவில் கேட்டிருக்காங்க. அங்கே மூன்று விலை சொல்லியிருக்காங்க: சாதா, எச்டி, 4கே. "தம்பி, எதுல போட்டா எங்க அத்தா நல்லாத் தெரிவாங்க?" இதுதான் கேள்வி.

நேரடிப் பதில்: மூன்றில் எதைக் கொடுத்தாலும் அத்தா கூடுதலாகத் தெரிய மாட்டாங்க. ஆனால் தப்பான முறையில் ஏற்றினால் குறைவாகத் தெரிவாங்க. ஏன் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். வீட்டில் இப்படி ஒரு கேசட் வைத்திருக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

வீடியோவில் ஒட்டியிருக்கிற லேபிள்கள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. சில லேபிள் அளவைச் சொல்லும்: எச்டி, ஃபுல் எச்டி, 4கே. இது பாத்திரம் எவ்வளவு பெரியது என்பது மட்டும்தான். சில லேபிள் எவ்வளவு நெருக்கிப் பதிந்தார்கள் என்பதைச் சொல்லும்: எஸ்பி, எல்பி, ஈபி. இன்னும் சில லேபிள் எங்கிருந்து எடுத்தது என்பதைச் சொல்லும். வேடிக்கை என்னவென்றால் இந்த மூன்றாவது லேபிளை ஒழுங்காக எழுதியவர்கள் திருட்டு விசிடிக்காரர்கள்தான். "டிவிடி ரிப்", "ப்ரீ டிவிடி", "தியேட்டர் பிரிண்ட்" என்று போட்டிருப்பார்கள். படம் எந்த மூலத்திலிருந்து வந்தது என்பது வாங்குகிறவனுக்கு உடனே தெரிந்துவிடும். அவர்கள் செய்த வேலையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது மூலம்தான் என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். கடைக்காரர் சொல்லும் "4கே" அந்த மூலத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

சரி, மூலத்துக்கு வருவோம். 1994-ல் நம்ம ஊர்க் கல்யாணங்களை எடுத்தது பெரும்பாலும் தோளில் தூக்கி வைக்கிற பெரிய விஎச்எஸ் கேமரா. விஎச்எஸ் என்பது 1976-ல் ஜப்பானின் ஜேவிசி கொண்டுவந்த முறை. உங்கள் கேசட்டை எடுத்துப் பாருங்க. "ஈ-180" என்று போட்டிருக்கும். 180 என்பது நிமிடம், அதாவது மூன்று மணி நேரம். அமெரிக்கா, ஜப்பான் பக்கத்துக் கேசட்டில் "டி-120" என்று இருக்கும். அது அந்த ஊர் முறையில் இரண்டு மணி நேரம்.

இந்த "முறை" என்பது என்ன? அப்போது உலகத்தில் மூன்று டிவி முறைகள் இருந்தன. இந்தியாவில் பால் முறை. குடிக்கிற பால் இல்லைங்க, அது மூன்று ஆங்கில எழுத்துகளின் சுருக்கம். 625 கோடு, நொடிக்கு 25 படம். அந்தக் கோடுகளில் திரையில் தெரிவது 576. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி: 525 கோடு, நொடிக்கு ஏறத்தாழ 30 படம், தெரிவது 480 கோடு. மூன்றாவது பிரான்ஸ்காரர்களின் சீகாம்.

வெளிநாட்டுப் பிழைப்பு உள்ள ஊர்களுக்கு இது வெறும் பாடம் இல்லை. கல்யாண கேசட் ஊரில் சும்மா கிடக்காது. வர முடியாத அண்ணன் தம்பிக்காகத் துபாய்க்கும் குவைத்துக்கும் சவூதிக்கும் பயணம் போகும். எமிரேட்ஸிலும் குவைத்திலும் நம்மைப் போலவே பால் முறை. சவூதியில் அப்போது சீகாம். அதனால்தான் வளைகுடாவில் விற்ற டெக்குகளில் "மல்டி சிஸ்டம்" என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். பாலுக்கும் சீகாமுக்கும் கோடும் வேகமும் ஒன்றுதான், நிறத்தைப் பதிகிற விதம்தான் வேறு. ஆகவே ஒரு முறைக் கேசட்டை இன்னொரு முறைக்கு வைத்த டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக ஓடும். இன்றைக்கும் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த பழைய கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு "கலர் போயிடுச்சு" என்று ஒதுக்கி வைப்பவர்கள் இருக்காங்க. தூக்கிப் போடாதீங்க. டெக்கில் சிஸ்டம் சுவிட்சை மாற்றிப் பாருங்க, கலர் வரக்கூடும். அமெரிக்கா போய் வந்த கேசட் வேறு கதை. அங்கே பார்ப்பதற்காக என்டிஎஸ்சிக்கு மாற்றிப் பதிந்திருந்தால் 576 கோடு 480 ஆகியிருக்கும். அது திரும்பி வராது.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. கல்யாணத்தன்று கேமராவில் ஓடியது ஒரு டேப். ஸ்டூடியோவில் அதை மிக்சரில் போட்டு, இதய வடிவக் கட்டம், பூ விழுவது, சினிமாப் பாட்டு எல்லாம் சேர்த்து இன்னொரு டேப்பில் ஏற்றுவார்கள். அது இரண்டாவது தலைமுறை. அதிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்று காப்பி போட்டால் அது மூன்றாவது. விஎச்எஸ்ஸில் ஒவ்வொரு காப்பியிலும் படம் கொஞ்சம் மங்கும், நிறம் கொஞ்சம் வழியும். ஆகவே "எச்டியா, 4கேயா" என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது "நம்ம கையில் இருப்பது எத்தனையாவது காப்பி?" என்பது. உறவுக்காரர் வீடுகளில் விசாரித்துப் பாருங்க. நல்ல காப்பி வெளிநாட்டுக்குப் போய், சுமாரான காப்பி ஊரில் தங்கியிருக்கலாம். ஓடி ஓடித் தேய்ந்ததும் ஊர்க் கேசட்டாகத்தான் இருக்கும். ஸ்டூடியோக்காரர் இன்னும் தொழிலில் இருந்தால் அவரிடம் கேமரா டேப் கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்க. டேப் விலை கருதி அதன் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பதிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இருந்தாலும் கேட்பதில் நஷ்டமில்லை.

அடுத்தது எஸ்பி, எல்பி. எஸ்பி என்பது சாதாரண வேகம். எல்பி என்றால் டேப் பாதி வேகத்தில் ஓடும், மூன்று மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் பிடிக்கும். அந்த அளவுக்குப் படமும் சத்தமும் இறங்கும். உங்கள் கேசட் ஈ-180 ஆக இருந்து, நிகழ்ச்சி நான்கு ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்றால் அது எல்பி என்று புரிந்துகொள்ளலாம். ஓட்டுகிற டெக்கிலும் எல்பி வசதி வேண்டும், இல்லையென்றால் படம் தாறுமாறாக ஓடும்.

அதற்குப் பிறகு வந்த மினி டிவி கேசட்டில் மட்டும் கணக்கு வேறு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்குமே, அது. அதிலும் எல்பி உண்டு, 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் பிடிக்கும். ஆனால் அது டிஜிட்டல் பதிவு. எல்பியிலும் அதே தகவல்தான் பதிகிறது, டேப்பில் நெருக்கமாகப் பதிகிறது, அவ்வளவுதான். படம் குறையாது. ஆனால் வேறு கேமராவில் போட்டால் கட்டம் கட்டமாகத் தெறிக்க வாய்ப்பு அதிகம். எடுத்த கேமராவிலேயே ஓட்டுவது நல்லது.

இப்போது விஎச்எஸ் டேப்புக்குள் உண்மையில் எவ்வளவு படம் இருக்கிறது என்று பார்ப்போம். மேலிருந்து கீழே 576 கோடு இருக்கு. ஆனால் ஒவ்வொரு கோட்டிலும் இடமிருந்து வலமாக விஎச்எஸ் தாங்குகிற விவரம் சுமார் 320 புள்ளிக்குச் சமம். பெருக்கினால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 1.84 லட்சம் புள்ளி. நிறத்துக்கான விவரம் அதையும்விடக் குறைவு. அதனால்தான் சிவப்புப் புடவையின் நிறம் ஓரத்தைத் தாண்டிப் பக்கத்தில் இருப்பவர் மேல் வழிகிறது. 4கே என்பது 3840-க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளி. ஆக 4கே படத்தில் உள்ள 45 புள்ளிகளில் ஒன்றுதான் டேப் கொடுத்தது. மிச்சம் 44-ம் மென்பொருள் போட்டுக்கொண்டது.

எப்படிப் போடும்? பழைய முறை என்றால் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இடைவெளியை நிரப்பும். படம் பெரிதாகும், மொழுமொழுவென்று இருக்கும், கெடுதல் இல்லை. உங்கள் புது டிவி பழைய படத்தைக் காட்டும்போது இதைத்தான் தானாகவே, காசு வாங்காமல் செய்கிறது. இப்போது வந்திருக்கிற ஏஐ முறை அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் "இந்த இடத்தில் கண் இருக்கிறது, கண் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று புதிதாக ஒரு கண்ணை வரையும். பளிச்சென்று இருக்கும். ஆனால் அது யாருடைய கண்? மங்கலான முகத்தில் இருந்த அத்தாவுடைய சாயலை அழித்துவிட்டு, யாரோ ஒரு பெரியவரின் முகத்தைத் தெளிவாக வைத்திருக்கலாம். பந்தலுக்கும் சீரியல் லைட்டுக்கும் இது பரவாயில்லை. இறந்துபோனவரின் ஒரே பதிவுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆசைக்கு ஒரு பிரதி அப்படிச் செய்து பார்க்கலாம். மூலப் பதிவு தனியாக, கை வைக்காமல் இருக்க வேண்டும்.

விசிடி, டிவிடி பற்றி ஒரு வார்த்தை. 2000-களில் நிறையப் பேர் கேசட்டை விசிடியாக மாற்றிவிட்டுக் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். விசிடியில் படம் 352-க்கு 288 புள்ளிதான், நொடிக்கு 1.15 மெகாபிட். 576 கோட்டில் பாதி அங்கேயே போயிற்று. டிவிடி எவ்வளவோ மேல், 720-க்கு 576. ஆனால் அங்கேயும் எஸ்பி, எல்பி வந்து சேர்ந்தது. டிவிடி ரெக்கார்டரில் எக்ஸ்பி என்றால் ஒரு தட்டில் ஒரு மணி நேரம், எஸ்பி இரண்டு, எல்பி நான்கு, ஈபி ஆறு. தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, அது மாறாது. மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே தட்டில் அடைத்தால் நொடிக்கு மூன்றரை மெகாபிட்தான் கிடைக்கும், சத்தத்தையும் சேர்த்து. கூட்டம் நகரும்போது கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான். உங்களிடம் விசிடியும் கேசட்டும் இரண்டும் இருந்தால், கேசட்டிலிருந்தே திரும்ப எடுங்க.

டிவி, கேபிள் லேபிள்களை வேகமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அங்கேயும் இதே கதைதான். "எச்டி ரெடி" டிவி என்றால் பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளித் திரை. "ஃபுல் எச்டி" 1920-க்கு 1080. அரசு கேபிள் 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு அனலாக் சேவையாக மறுபடி தொடங்கியது, 2017-ல் டிஜிட்டல் பாக்ஸ் வந்தது. டிஜிட்டல் என்றாலே எச்டி என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சாதாரண டிஜிட்டல் சேனல் இன்றைக்கும் அதே 576 கோட்டு அளவுதான். 2019-ல் நடைமுறைக்கு வந்த ட்ராய் கட்டண முறையில் ஒரு எச்டி சேனலை இரண்டு சாதா சேனலாகக் கணக்கு வைத்தார்கள் என்பது நினைவிருக்கலாம். பாக்ஸ் செட்டிங்கில் 1080 என்று வைத்தாலும் சாதா சேனல் எச்டி ஆகாது. எச்டி பாக்ஸே வாங்கியிருந்தாலும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் இணைத்திருந்தால் எச்டி வராது, எச்டிஎம்ஐ ஒயர் வேண்டும். பணம் கட்டிவிட்டு மஞ்சள் ஒயரில் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: பாக்ஸில் பென்டிரைவ் செருகிப் பதிவு செய்தால் பெரும்பாலும் அது அந்த பாக்ஸில் மட்டும்தான் ஓடும். பாக்ஸ் போனால் பதிவும் போனது மாதிரிதான்.

இனி ஸ்டூடியோவில் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். "சாதா" விலையிலேயே கேளுங்க, ஆனால் நிபந்தனையோடு கேளுங்க. டெக்கிலிருந்து ஒயர் வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், டிவியில் ஓடவிட்டு முன்னால் செல்போன் வைத்து எடுக்கக் கூடாது. சிரிக்காதீங்க, அப்படியும் நடக்கிறது. அளவு 720-க்கு 576, நொடிக்கு 25 படம் அல்லது 50 படம். 30 என்று மாற்றினால் நடப்பவர்கள் விட்டு விட்டு நடப்பார்கள். படத்தை 4-க்கு 3 என்ற பழைய சதுர வடிவிலேயே விட வேண்டும். அகலத் திரைக்கு இழுத்தால் பெண், மாப்பிள்ளை, ஹஜரத் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். மேலும் கீழும் வெட்டினால் ஓரத்தில் நிற்பவரின் தலை போகும். புதுப் பாட்டு, கடை லோகோ எதுவும் வேண்டாம்.

பாட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. சில கேசட்டுகளில் பேச்சை அழித்துப் பாட்டைப் போட்டிருப்பார்கள். விஎச்எஸ்ஸில் இரண்டு வகை ஒலித்தடம் உண்டு: ஓரத்தில் ஓடுகிற சாதாத் தடம், படத்தோடு சேர்ந்து பதிகிற ஹைஃபை தடம். கேமராவிலோ டெக்கிலோ "ஆடியோ டப்" செய்து அதே டேப்பின் மேல் பாட்டை ஏற்றியிருந்தால், மாறியது சாதாத் தடம் மட்டும்தான். பதிந்த கருவி ஹைஃபை ஆக இருந்தால் பழைய பேச்சு அடியில் அப்படியே இருக்கும். ஹைஃபை டெக்கில் போட்டு ஆடியோ சுவிட்சை மாற்றிக் கேட்டால் தெரிந்துவிடும். நம்ம ஊரில் ஹைஃபை கருவி எல்லாரிடமும் இருந்ததில்லை, காப்பி போட்ட டேப்பிலும் இது கிடைக்காது. ஆனால் அத்தாவின் குரல் என்றால் அந்த ஒரு சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிடலாமே.

ஃபைல் கைக்கு வந்ததும் தரத்தைச் சோதிக்கக் கண்ணைவிடக் கணக்கு உதவும். ஃபைல் எத்தனை எம்பி என்று பாருங்க, எட்டால் பெருக்குங்க, ஓடுகிற நேரத்தை நொடியில் போட்டு வகுத்துவிடுங்க. மூன்று மணி நேரம் என்றால் 10,800 நொடி. மூன்று மணி நேரக் கேசட்டை 700 எம்பியில் கொடுத்தால் நொடிக்கு அரை மெகாபிட்தான், விசிடியில் பாதிகூட இல்லை. அதன் மேல் "4கே" என்று எழுதியிருந்தாலும் சரி, வாங்காதீங்க. நொடிக்கு 10 மெகாபிட் என்றால் மூன்று மணி நேரம் சுமார் 13.5 ஜிபி வரும். அது போதும். டிவி எனப்படும் பழைய டிஜிட்டல் கேசட் முறையிலேயே தருகிறேன் என்றால் மணிக்கு 13 ஜிபி, மொத்தம் 39 ஜிபி ஆகும், இன்னும் நல்லது. "ஃபைல் பெருசு, பென்டிரைவ்ல ஏறல" என்று ஸ்டூடியோக்காரர் சொன்னால் பெரும்பாலும் பென்டிரைவ் பழைய ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யச் சொல்லுங்க, படத்தைச் சுருக்கச் சொல்லாதீங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது பிறகு. அங்கே வீடியோவாக அனுப்பினால் அது தானாகவே சுருக்கிவிடும். அந்தச் சுருங்கிய ஃபைல்தான் கடைசியில் எல்லார் போனிலும் மிஞ்சும், மூலம் இருக்கிற பென்டிரைவ் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இரண்டு இடத்தில் வைங்க, ஒன்றாவது ஹார்ட் டிஸ்க்காக இருக்கட்டும்.

நாள் தள்ளாதீங்க என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கு. விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுகிற டெக் எல்லாம் பழையதுதான், ஹெட் தேய்ந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம். டேப்பும் சும்மா இருக்காது. 2015-லேயே ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாத காந்த டேப்புகளைக் காப்பாற்றுவது கடினம் என்று எச்சரித்தது. குளிரூட்டிய அறையில் டேப் வைத்திருப்பவர்கள் சொன்னது அது. நம்முடையது பீரோவின் மேல் தட்டில் ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் முப்பது தடவை பார்த்தது.

கொடுப்பதற்கு முன் கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுருளை வெளிச்சத்தில் பாருங்க. வெள்ளையாகப் பொடி படிந்த மாதிரி இருந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போடவே கூடாது. டேப் ஒட்டிக் கிழியும், பூஞ்சை ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பூஞ்சையைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். கேசட்டின் முதுகில் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிடுங்க, ஏற்கனவே உடைத்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தால் அதைப் பிய்த்துவிடுங்க. அது இல்லையென்றால் ரெக்கார்ட் பட்டன் வேலை செய்யாது, கை தவறி அழுத்தினாலும் எதுவும் அழியாது.

வேலை முடிந்ததும் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்க. நாளைக்கு இதைவிட நல்ல டெக்கும் ஆளும் கிடைக்கலாம். ஃபைலுக்கு "வீடியோ 1" என்று பெயர் வைக்காமல் வருஷம், யார் வீட்டு நிகழ்ச்சி, எத்தனையாவது காப்பி, எஸ்பியா எல்பியா, எந்தத் தேதியில் ஏற்றியது என்று எழுதி வைங்க. அத்தா வருகிற இடம் எத்தனையாவது நிமிடம் என்பதையும் சேர்த்து எழுதிடுங்க அக்கா, பேரப்பிள்ளைகள் மூன்று மணி நேரமும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள்.